சின்னது வேகமா சுத்துது, பெருசு மெதுவா சுத்துது... காற்றாலை எப்படி உருவாகிறது? முப்பந்தலின் பழைய காற்றாலைகள் ஏன் இன்னும் மாறவில்லை?

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில் பயணித்தவர்கள் இந்தக் காட்சியை மறக்க மாட்டார்கள். ஆரல்வாய்மொழியை நெருங்கும்போது பேருந்தின் ஜன்னல் கண்ணாடி படபடக்கத் தொடங்கும். முப்பந்தலில் சாலையின் இரு பக்கமும், மலை அடிவாரம் வரை, காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கும். ஊர்க்காரர்களுக்கு அது 'காத்தாடி'.

கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். உயரம் குறைந்த பழைய காற்றாலைகள் வேக வேகமாகச் சுற்றும். அவற்றுக்குப் பின்னால் ஓங்கி நிற்கும் புதிய காற்றாலை, 'போனால் போகட்டும்' என்பது போல மெதுவாகச் சுற்றும்.

பார்ப்பவர்களுக்கு வேகமாகச் சுற்றுவதுதான் அதிகம் உழைப்பதாகத் தோன்றும். உண்மை நேர் எதிர். மெதுவாகச் சுற்றும் அந்தப் பெரிய காற்றாலை ஒரு மணி நேரத்தில் தரும் மின்சாரம், அந்தச் சின்னக் காற்றாலை தருவதைப் போல 13 மடங்குக்கும் மேல் இருக்கும்.

அப்படியென்றால் பழையதைக் கழற்றிவிட்டு எல்லா இடத்திலும் பெரியதை நிறுத்திவிடலாமே? ஏன் செய்யவில்லை? இதற்குப் பதில் தெரிய, காற்றாலை எப்படி வடிவமைக்கப்படுகிறது, எப்படித் தயாராகிறது, எப்படி நிறுத்தப்படுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

காற்று இங்கே மட்டும் ஏன் இவ்வளவு வீசுகிறது?

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலில் இருந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அதற்கு ஒரு சுவர் மாதிரி குறுக்கே நிற்கிறது. ஆனால் அந்தச் சுவரில் சில இடங்களில் வாசல் இருக்கிறது. பாலக்காடு கணவாய், செங்கோட்டை கணவாய், ஆரல்வாய்மொழி கணவாய் ஆகியவைதான் அந்த வாசல்கள்.

வீட்டில் எல்லா ஜன்னலையும் மூடிவிட்டு ஒரு கதவை மட்டும் திறந்து வைத்தால், அந்த வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வருமே, அதே கதைதான். பாலக்காடு கணவாய்க் காற்று உடுமலைப்பேட்டை, பல்லடம் பக்கம் வருகிறது. செங்கோட்டைக் காற்று தென்காசி, கயத்தாறு பக்கம். ஆரல்வாய்மொழிக் காற்று முப்பந்தல், பணகுடி, ராதாபுரம் பக்கம்.

மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை இது 'காத்து சீசன்'. தமிழ்நாட்டின் காற்றாலை மின்சாரத்தில் பெரும்பகுதி இந்த ஐந்து மாதங்களில்தான் கிடைக்கிறது. சீசன் உச்சத்தில் ஒரே நாளில் 10 கோடி யூனிட்டைத் தாண்டிய நாட்களும் உண்டு.

இந்தியாவில் எங்கே, எவ்வளவு காற்று வீசுகிறது என்று முறையாக அளந்தவர்களில் முக்கியமானவர் வானிலை விஞ்ஞானி அன்னா மாணி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சர் சி.வி. ராமனிடம் ஆய்வு செய்தவர். அவரது காற்று அளவீட்டுப் பணி 1980-களில் இத்துறைக்கு அடித்தளமானது. 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 55 கிலோவாட் காற்றாலைகள் நிறுவப்பட்டன. தமிழ்நாட்டின் காற்றாலைக் கதை அங்கேதான் தொடங்குகிறது.

மின்சாரம் எவ்வளவு வரும்? மூன்று கணக்கு போதும்

காற்றாலை வடிவமைப்பு சிக்கலானதுதான். ஆனால் அதன் அடிப்படை மூன்று கணக்குகளில் அடங்கிவிடும்.

முதல் கணக்கு: இறக்கையின் நீளம். இறக்கை சுற்றும்போது உருவாகும் வட்டத்தின் பரப்பளவுதான் காற்றைப் பிடிக்கும் வலை. இறக்கையின் நீளம் 2 மடங்கானால் வலை 4 மடங்காகும்.

1990-களில் வந்த 225 கிலோவாட் காற்றாலை ஒன்றின் வட்டம் 27 மீட்டர் விட்டம் கொண்டது. பரப்பளவு சுமார் 570 சதுர மீட்டர். இன்று நிறுவப்படும் 3 மெகாவாட் காற்றாலையின் வட்டம் சுமார் 140 மீட்டர் விட்டம். பரப்பளவு 15,000 சதுர மீட்டருக்கும் மேல். அதாவது கிட்டத்தட்ட 27 மடங்கு பெரிய வலை.

இரண்டாவது கணக்கு: காற்றின் வேகம். இதுதான் பலருக்கும் ஆச்சரியம் தரும் விஷயம். காற்றின் வேகம் 2 மடங்கானால், அதில் உள்ள ஆற்றல் 2 மடங்கோ 4 மடங்கோ அல்ல, 8 மடங்காகும். விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று 6 மீட்டராக ஆனாலே ஆற்றல் 73 சதவீதம் கூடிவிடும்.

தரைக்கு அருகில் மரம், வீடு, மேடு என்று எல்லாம் காற்றைத் தடுக்கும். உயரே போகப் போக வேகம் கூடும். பொதுவாகப் பயன்படுத்தும் கணக்குப்படி, 30 மீட்டர் உயரத்தில் உள்ளதை விட 140 மீட்டர் உயரத்தில் காற்றின் வேகம் சுமார் 25 சதவீதம் அதிகம். இது கேட்க சின்ன எண்ணாகத் தோன்றலாம். ஆனால் ஆற்றலில் அது ஏறக்குறைய 2 மடங்கு. காற்றாலைகள் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்துகொண்டே போவதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது கணக்கு: உச்ச வரம்பு. காற்றில் உள்ள ஆற்றல் முழுவதையும் யாராலும் எடுக்க முடியாது. முழுவதையும் எடுத்தால் இறக்கைக்குப் பின்னால் காற்று அப்படியே நின்றுவிடும். பிறகு புதிய காற்று உள்ளே வர வழியே இருக்காது. அதிகபட்சம் 59.3 சதவீதம்தான் எடுக்க முடியும் என்று ஜெர்மன் இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 100 ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டினார். இன்றைய நல்ல காற்றாலைகள் 45 சதவீதம் வரை எடுத்துவிடுகின்றன. அதனால் இனி பெரிய லாபம் திறனைக் கூட்டுவதில் இல்லை. வலையைப் பெரிதாக்குவதிலும் உயரத்திலும்தான் இருக்கிறது.

ஏன் 3 இறக்கை? ஏன் மெதுவாகச் சுற்றுகிறது?

காற்று தள்ளுவதால் இறக்கை சுற்றுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது பழைய கால முறை. நவீன இறக்கையின் குறுக்குவெட்டு விமானத்தின் இறக்கை போல இருக்கும். காற்று அதைக் கடக்கும்போது ஒரு பக்கம் அழுத்தம் குறையும், மறுபக்கம் கூடும். விமானத்தை மேலே தூக்கும் அதே விசை இங்கே இறக்கையைச் சுற்றவைக்கிறது.

ஒரே இறக்கை போதாதா? சுற்றும், ஆனால் சமநிலை கிடைக்காது. இரண்டு இறக்கை வைத்தால் எடையும் செலவும் குறையும். ஆனால் காற்றின் திசைக்கு ஏற்பத் திரும்பும்போது ஆட்டம் அதிகம். நான்கு வைத்தால் செலவு கூடும் அளவுக்கு மின்சாரம் கூடாது. செலவு, சமநிலை, சத்தம் எல்லாவற்றுக்கும் ஒத்துவரும் எண் 3.

வேகத்துக்கு வருவோம். பெரிய காற்றாலை நிமிடத்துக்கு 10 முதல் 12 சுற்றுதான் சுற்றும். மெதுவாகத் தெரிவது நம் கண்ணுக்கு மட்டும்தான். 70 மீட்டர் நீள இறக்கையின் நுனி அந்த நேரத்தில் மணிக்கு கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கும். இதற்கு மேல் போனால் சத்தம் கூடும், மழைத்துளியும் மணலும் மோதி இறக்கையின் முனை அரித்துப்போகும். அதனால் நுனி வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. இறக்கை நீளமாக ஆக, சுற்றும் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

இறக்கை எப்படித் தயாராகிறது?

இவ்வளவு பெரிய இறக்கை இரும்பில் செய்யப்படுவதில்லை. பெரும்பகுதி ஃபைபர் கிளாஸ். நடுவில் பால்சா என்ற எடை குறைந்த மரமும் ஃபோமும். பால்சா மரம் பெரும்பாலும் தென் அமெரிக்காவின் ஈக்வடாரில் இருந்து வருகிறது. நீளமான இறக்கைகளில், முதுகெலும்பு போன்ற பகுதிக்குக் கார்பன் ஃபைபரும் சேர்ப்பார்கள்.

தயாரிப்பு முறை இப்படி இருக்கும்:

• இறக்கையின் வடிவத்தில், அதே நீளத்துக்கு இரண்டு அச்சுகள் இருக்கும். ஒன்று மேல் பாதிக்கு, ஒன்று கீழ் பாதிக்கு.

• அச்சுக்குள் ஃபைபர் கிளாஸ் துணியை அடுக்கடுக்காக விரிப்பார்கள். இந்த வேலையின் பெரும்பகுதி இன்னும் மனிதக் கைகளால்தான் நடக்கிறது. ஒரு சுருக்கம் விழுந்தாலும் பின்னாளில் அந்த இடத்தில் விரிசல் வரும்.

• அதன் மேல் பிளாஸ்டிக் உறை போட்டு மூடி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். பிறகு ஒரு பக்கம் ரெசின் பசையைத் திறந்துவிட்டால், அது தானாகவே துணி முழுவதும் பரவும்.

• சூடுபடுத்தி இறுகவைத்த பிறகு, இரண்டு பாதிகளையும் உள்ளே தாங்கு சுவர் வைத்து ஒட்டுவார்கள்.

• கடைசியில் தேய்த்து, பெயின்ட் அடித்து, நுனியில் இடிதாங்கி பொருத்துவார்கள். மின்னல் விழுந்தால், மின்சாரம் உள்ளே செல்லும் உலோகக் கடத்தி வழியாகத் தரைக்குப் போய்விடும்.

ஒரு புதிய மாடல் இறக்கை விற்பனைக்கு வருவதற்கு முன் பரிசோதனைக் கூடத்தில் வதைபடும். ஒரு முனையைச் சுவரில் பொருத்திவிட்டு, மறுமுனையை லட்சக்கணக்கான முறை மேலும் கீழும் ஆட்டுவார்கள். 20 ஆண்டுகள் காற்றில் படும் பாட்டைச் சில மாதங்களில் கொடுத்துப் பார்ப்பதுதான் நோக்கம்.

இன்னொரு சுவாரசியமான விஷயம். பலத்த காற்றில் இறக்கை பின்பக்கம் வளையும். வளைந்து டவரில் மோதிவிடக் கூடாது. அதற்காகவே இறக்கையை முன்பக்கம் லேசாக வளைந்த மாதிரியே தயாரிப்பார்கள். காற்று பலமாக வீசும்போது அது நேராகும்.

உச்சியில் இருக்கும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

இறக்கைகள் மூன்றும் சேரும் இடம் ஹப். அதன் பின்னால் ஒரு சிறிய பேருந்து அளவுக்கு இருக்கும் பெட்டிக்கு நாசெல் என்று பெயர். 3 மெகாவாட் காற்றாலையில் இதன் எடை சுமார் 100 டன்.

நிமிடத்துக்கு 10 சுற்று சுற்றும் இறக்கையை, நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்கு மேல் தேவைப்படும் ஜெனரேட்டரோடு எப்படி இணைப்பது? அந்த வேலையைச் செய்வது கியர்பாக்ஸ். சைக்கிளில் பெரிய பற்சக்கரம் ஒரு முறை சுற்றினால் சின்னது பல முறை சுற்றுமே, அதுதான் தத்துவம். காற்றாலைகளுக்கான கியர்பாக்ஸ் கோவையிலும் தயாராகிறது. கியர்பாக்ஸே இல்லாமல், பெரிய வட்ட ஜெனரேட்டரை நேரடியாகச் சுற்றும் மாடல்களும் உண்டு.

பெட்டியின் மேல் காற்றின் வேகத்தையும் திசையையும் அளக்கும் கருவிகள் இருக்கும். காற்று திசை மாறினால், மோட்டார்கள் பெட்டியையே காற்றுக்கு எதிர்முகமாகத் திருப்பும். அதே போல ஒவ்வொரு இறக்கையையும் அதன் அச்சிலேயே திருப்பவும் தனித்தனி ஏற்பாடு உண்டு.

இது எதற்கு? விநாடிக்கு சுமார் 3 மீட்டர் காற்று வந்தால் காற்றாலை மின்சாரம் தரத் தொடங்கும். காற்று கூடக் கூட உற்பத்தி கூடும். முழுத் திறனை எட்டிய பிறகும் காற்று கூடினால், இறக்கை தன் முகத்தைக் கொஞ்சம் திருப்பி, வேண்டாத காற்றை விட்டுவிடும். விநாடிக்கு 20 முதல் 25 மீட்டரைத் தாண்டினால், அதாவது மணிக்கு 72 முதல் 90 கிலோமீட்டர் என்றால், இறக்கைகளை முழுவதுமாகத் திருப்பிக்கொண்டு ஓய்வுக்குப் போய்விடும். புயல் நேரத்தில் காற்றாலை சும்மா நிற்பது பழுதால் அல்ல, பாதுகாப்புக்காக.

இடம் பார்ப்பது எப்படி?

காற்றாலைக்கு மனை பார்ப்பது வீட்டு மனை பார்ப்பது போல் அல்ல. முதலில் உயரமான கம்பம் நட்டு, பல உயரங்களில் கருவி பொருத்தி, குறைந்தது ஓராண்டாவது காற்றை அளப்பார்கள். சராசரி வேகம் மட்டும் போதாது. காற்று சீராக வீசுகிறதா, குலுங்கிக் குலுங்கி வீசுகிறதா என்பதும் முக்கியம். குலுங்கும் காற்று இயந்திரத்தின் ஆயுளைத் தின்றுவிடும்.

அந்த அளவைப் பொறுத்தே எந்த வகைக் காற்றாலை அங்கே பொருந்தும் என்று முடிவாகும். பலத்த காற்றுள்ள இடத்துக்குச் சற்று சிறிய, உறுதியான இறக்கை. காற்று குறைவான இடத்துக்கு நீளமான இறக்கை. இந்தத் துறைக்கான ஆய்வும் பரிசோதனையும் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தின் பொறுப்பு. அதன் பரிசோதனை நிலையம் கயத்தாறில் இருக்கிறது.

அடுத்தது இடைவெளி. ஒரு காற்றாலையைக் கடந்த காற்று வேகம் குறைந்து, கலங்கி வரும். அதற்கு நேர் பின்னால் இன்னொன்றை வைத்தால் அதற்கு மிச்சக் காற்றுதான் கிடைக்கும். பொதுவான விதி இது: காற்று வீசும் திசையில் வட்டத்தின் விட்டத்தைப் போல 7 மடங்கு, பக்கவாட்டில் 5 மடங்கு இடைவெளி. 140 மீட்டர் காற்றாலைக்கு இது 980 மீட்டரும் 700 மீட்டரும் ஆகிறது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முப்பந்தல் சிக்கலின் மையம் இதுதான்.

தரைக்குக் கீழே ஒரு மண்டபம்

நிற்கும் காற்றாலையைத்தான் நாம் பார்க்கிறோம். அதைப் பிடித்துக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது.

3 மெகாவாட் காற்றாலைக்குச் சுமார் 20 மீட்டர் விட்டத்தில், 3 மீட்டர் ஆழத்தில் குழி தோண்டுவார்கள். உள்ளே கம்பி கட்டும் வேலையே பல நாள் நடக்கும். நடுவில் டவரைப் பிடிக்கும் நீண்ட போல்ட்டுகளின் கூண்டு. பிறகு 400 முதல் 600 கன மீட்டர் கான்கிரீட். ரெடிமிக்ஸ் லாரி கணக்கில் 70 முதல் 100 லோடு.

இந்தக் கான்கிரீட்டை இடைவெளி விடாமல் ஒரே மூச்சில் போட்டு முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் இரண்டுக்கும் நடுவில் ஓர் ஒட்டு விழும். ஆண்டுக்கணக்கில் ஆடும் டவருக்கு அந்த ஒட்டு ஆபத்து. போட்டு முடித்த பிறகு வாரக்கணக்கில் தண்ணீர் விட்டு, கான்கிரீட் முழு பலத்தை எட்டும் வரை காத்திருப்பார்கள். பிறகு மண்ணைப் போட்டு மூடிவிடுவார்கள். வெளியே தெரிவது ஒரு சின்ன வட்ட மேடை மட்டும்.

ரோட்டில் போகும் 70 மீட்டர் இறக்கை

நெடுஞ்சாலையில் ஒற்றை இறக்கையைச் சுமந்து ஊர்ந்து போகும் டிரெய்லரைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒரு காற்றாலைக்கு அப்படி மூன்று டிரெய்லர். இறக்கையைத் துண்டு துண்டாக வெட்டிக் கொண்டுபோக முடியாது என்பதுதான் பிரச்சினை.

போகும் வழியில் ஒவ்வொரு வளைவும் முன்கூட்டியே அளக்கப்படும். சில இடங்களில் மின்கம்பியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், சில இடங்களில் சாலையோரத்தைச் சமப்படுத்த வேண்டும். கடைசி சில கிலோமீட்டர் பெரும்பாலும் வயல்காட்டுப் பாதை. அங்கே புதிதாகவே சாலை போட வேண்டும்.

டவருக்கும் இதே சிக்கல். இரும்புத் தகடுகளை வளைத்து, வெல்டிங் செய்து, 20 முதல் 30 மீட்டர் நீளத் துண்டுகளாகக் கொண்டுவருவார்கள். அடித்துண்டின் விட்டம் 4 மீட்டரைத் தாண்டும். அதற்கு மேல் பெரிதானால் பாலங்களுக்கு அடியில் நுழையாது. அதனால்தான் மிக உயரமான காற்றாலைகளில் சிலவற்றைக் கான்கிரீட் டவரிலும், சிலவற்றைக் கீழே செல்போன் டவர் மாதிரி இரும்புச் சட்டமும் மேலே குழாயுமாகவும் அமைக்கிறார்கள்.

காற்றாலை நிறுத்த முதல் எதிரி... காற்றுதான்!

இங்கேதான் ஒரு வேடிக்கை. காற்று நன்றாக வீசும் இடத்தைத் தேடிப் பிடித்துத்தான் காற்றாலை வைக்கிறார்கள். ஆனால் அதைத் தூக்கி நிறுத்தும் நாளில் காற்று வீசக் கூடாது.

முதலில் டவர் துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும். ஒவ்வொரு இணைப்பிலும் நூற்றுக்கும் மேற்பட்ட போல்ட்டுகளை அளவான இறுக்கத்தில் முடுக்க வேண்டும். அதன் மேல் 100 டன் பெட்டி. அடுத்து ஹப். கடைசியில் இறக்கைகள்.

இறக்கை என்பது காற்றைப் பிடிப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள். கிரேனில் தொங்கும்போதும் அது தன் வேலையைச் செய்யும். அதனால் காற்று விநாடிக்கு 8 முதல் 10 மீட்டரைத் தாண்டினால் இறக்கை பொருத்தும் வேலை நின்றுவிடும். கிரேன் உச்சியில் உள்ள கருவி காட்டும் எண்ணைப் பார்த்துக்கொண்டு ஆட்கள் காத்திருப்பார்கள். பல இடங்களில் விடியற்காலையில்தான் வாய்ப்பு கிடைக்கும்.

தென் மாவட்டங்களில் மே முதல் செப்டம்பர் வரை இந்த வேலைக்கு வாய்ப்பே குறைவு. அக்டோபரில் காற்று ஓயும், ஆனால் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். கயத்தாறு, கோவில்பட்டி பக்கத்துக் கரிசல் மண் நனைந்தால் மனிதன் நடக்கவே கஷ்டம். நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள கிரேன் எப்படி நகரும்? ஆக, மண்ணும் காய்ந்து காற்றும் அடங்கி இருக்கும் நல்ல காலம் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான். அந்த நான்கு மாதங்களைத் தவறவிட்டால் ஒரு சீசனே போய்விடும்.

இறக்கை ஏறியதும் வேலை முடிந்துவிடாது. டிரான்ஸ்ஃபார்மர், மின்கம்பிகள், துணை மின்நிலையம் என்று எல்லாம் இணைய வேண்டும். அதன் பிறகுதான் முதல் யூனிட்.

சரி, முப்பந்தலுக்கு வருவோம்: பழையது ஏன் மாறவில்லை?

1990-களில் காற்றாலை வைத்தால் வருமான வரியில் பெரிய தேய்மானச் சலுகை கிடைத்தது. கோவை, திருப்பூர் பக்கத்து நூற்பாலைகள் உட்படப் பல தொழில் நிறுவனங்கள் தங்கள் மில்லுக்கு மின்சாரமும் ஆச்சு, வரியும் மிச்சம் என்று ஆளுக்கு ஒன்று, இரண்டு காற்றாலை வாங்கிப் போட்டன. மாநிலத்தின் மிகச் சிறந்த காற்று வீசும் இடங்கள் இப்படித்தான் முதலில் நிறைந்தன.

அந்த இயந்திரங்களின் வடிவமைப்பு ஆயுள் 20 ஆண்டு. பல காற்றாலைகள் அதைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கின்றன. 2023-ல் மொத்தக் காற்றாலைத் திறனில் தமிழ்நாட்டை குஜராத் முந்தியது. 2025-ல் இந்தியாவின் காற்றாலைத் திறன் 50,000 மெகாவாட்டைத் தாண்டியது. அதில் 11,000 மெகாவாட்டுக்கும் மேல் தமிழ்நாட்டில் இருந்தாலும், நல்ல இடங்கள் சிறிய இயந்திரங்களின் கையில் இருக்கின்றன.

மாற்றுவதில் என்ன சிக்கல்? நான்கு விஷயங்கள்.

ஒன்று, இடைவெளிக் கணக்கு. அதே 7 மடங்கு, 5 மடங்கு விதிப்படி, ஒரு பெரிய காற்றாலைக்குத் தேவைப்படும் பரப்பில் 27 சின்னக் காற்றாலைகளுக்கு இடம் உண்டு. அதாவது வலை 27 மடங்கு பெரிதானால் நிலத் தேவையும் 27 மடங்கு கூடுகிறது. 'ஒன்று வைத்தால் 27 மடங்கு லாபம்' என்று நேரடியாகப் பெருக்க முடியாது. உண்மையான லாபம் உயரத்தில் இருக்கிறது. 140 மீட்டரில் கிடைக்கும் இரு மடங்கு ஆற்றல், குறைந்த காற்றிலும் ஓடும் திறன், குறைவான பழுது ஆகியவைதான் லாபம். கணவாய்களில் காற்று பெரும்பாலும் ஒரே திசையில் வீசுவதால் பக்கவாட்டு இடைவெளியைக் குறைக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படிச் செய்தால் லாபம் இன்னும் கூடும்.

இரண்டு, உரிமையாளர்கள். அந்தப் பரப்பில் உள்ள சின்னக் காற்றாலைகள் ஒரே ஆளுக்குச் சொந்தமாக இருப்பதில்லை. பக்கத்தில் பக்கத்தில் வேறு வேறு நிறுவனங்கள். ஒருவர் சம்மதித்து இன்னொருவர் மறுத்தால் பெரியது வர முடியாது. எல்லோரும் சம்மதித்தாலும், ஒரே காற்றாலையில் யாருக்கு எத்தனை பங்கு என்ற கேள்வி வரும்.

மூன்று, பணம். பழைய காற்றாலையின் கடன் எப்போதோ அடைந்துவிட்டது. இப்போது வருவதெல்லாம் லாபம். அதை இறக்கிவிட்டுப் புதிதாகப் பல கோடி கடன் வாங்க யாருக்கும் தயக்கம் வரும். அதோடு, சீசனில் தயாராகும் மின்சாரத்தை மின்வாரியத்தின் கணக்கில் வைத்துவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்ளும் 'பேங்கிங்' வசதி பழைய காற்றாலைக்காரர்களுக்குப் பெரிய பலம். புதியதுக்கு மாறினால் அதே வசதி அதே மாதிரி கிடைக்குமா என்ற கவலையும் இருக்கிறது.

நான்கு, மின்கட்டமைப்பு. பழைய சிறிய காற்றாலைகளுக்காகப் போட்ட கம்பிகளும் துணை மின்நிலையங்களும் பெரிய இயந்திரங்கள் தரும் மின்சாரத்தைத் தாங்க வேண்டும். அதை யார் செலவில் செய்வது?

இதற்காக மத்திய அரசு 2016-லும், பிறகு 2023-லும் கொள்கை வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2024 ஆகஸ்டில் தனிக் கொள்கை கொண்டுவந்தது. அதில் மூன்று வழிகள் உண்டு. பழையதை அகற்றிவிட்டுப் புதியது வைப்பது. இருப்பதிலேயே முக்கியப் பாகங்களை மாற்றிப் புதுப்பிப்பது. பாதுகாப்புப் பரிசோதனை செய்து ஆயுளை நீட்டிப்பது.

இதில் ஒரு பாதுகாப்பு விஷயமும் இருக்கிறது. மின்கட்டமைப்பில் ஒரு நொடி மின்னழுத்தம் சரிந்தால், புதிய காற்றாலைகள் அதைத் தாங்கிக்கொண்டு தொடர்ந்து ஓடும். பழைய மாடல்கள் பலவும் உடனே கழன்றுகொள்ளும். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் கழன்றால் பிரச்சினை பெரிதாகும்.

கழற்றிய இறக்கைகள் எங்கே போகும்?

டவரின் இரும்பும் ஜெனரேட்டரின் செம்பும் பழைய இரும்புக் கடைக்கே போகும். அவற்றுக்கு நல்ல விலை உண்டு. ஆனால் ஃபைபர் கிளாஸ் இறக்கை உருகாது, மக்காது. அதைத் துண்டாக்கி சிமென்ட் ஆலைகளில் எரிபொருளாகவும் மூலப்பொருளாகவும் பயன்படுத்துவது ஒரு வழி. பழைய காற்றாலைகள் மொத்தமாக இறங்கத் தொடங்கினால், இந்தக் கேள்விக்கும் முன்கூட்டியே பதில் தேவைப்படும்.

நமக்கு இதில் என்ன?

3 மெகாவாட் காற்றாலை ஒன்று முழுத் திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் 3,000 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் பார்த்தால், 30 வீடுகளின் இரண்டு மாத இலவச மின்சாரத்தை அது ஒரு மணி நேரத்தில் தந்துவிடும். அதே ஒரு மணி நேரத்தில் முழுத் திறனில் ஓடும் 225 கிலோவாட் பழைய காற்றாலை தருவது 225 யூனிட்.

காற்றுக்கு விலை கிடையாது. நிலக்கரி மாதிரி கப்பலில் வரவேண்டியதும் இல்லை. ஆனால் அது வீசும் வாசல்கள் தமிழ்நாட்டில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கின்றன. அந்த வாசலில் எந்த உயரத்தில், எவ்வளவு பெரிய வலை கட்டப்போகிறோம் என்பதுதான் கேள்வி. தொழில்நுட்பம் தயாராக இருக்கிறது. இனி பேசி முடிக்க வேண்டியது பக்கத்து பக்கத்து நிலத்துக்காரர்களும், மின்வாரியமும், அரசும்.

அடுத்த முறை ஆரல்வாய்மொழியைக் கடக்கும்போது, வேகமாகச் சுற்றும் அந்தச் சின்னக் காத்தாடியைப் பாருங்கள். அது 20, 30 வருஷமாக உழைத்துக் களைத்தது. அதன் தலைக்கு மேல் 100 மீட்டர் உயரத்தில், அதை விட வேகமான காற்று யாரும் தொடாமல் போய்க்கொண்டிருக்கிறது.